பிரவீன் அண்ணன் வீட்டு கடல்மீன் டேங்க்

பிரவீன் அண்ணன்: மீனா இருக்கியா. ஹால்ல மூணடி டேங்க் வச்சாச்சு, 190 லிட்டர் பிடிக்கும்னு கடைல சொன்னாங்க. யாழி இந்தத் தடவ உப்புத்தண்ணி மீன்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. லிஸ்ட்: க்ளவுன் மீன் 2, ப்ளூ டாங் மீன் 1, ப்ளூ டாம்செல் மீன் 4, லயன் மீன் 1, க்ளீனர் இறால் 2, ஆனிமோன் (பூ மாதிரி விரியுற கடல் உயிர்) 1, கொஞ்சம் நத்தை. சரியா இருக்கா பாரு

மீனா: அண்ணா லயன் மீனை மொதல்ல லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடு. அது வாய்க்குள்ள நுழையுற எதையும் விடாது, இறாலும் போயிடும் க்ளவுனும் போயிடும், முதுகு முள்ளுல விஷம் வேற, யாழி கைய விடுற வீடு அது

மீனா: டாங்கும் வேணாம், இப்ப விரல் நீளம் இருக்கும், வளந்தா ஒரு அடி வரும், அதுக்கு ஆறடி டேங்க்காவது வேணும்

பிரவீன் அண்ணன்: டாம்செல் ஓகேவா, வில கம்மி, சீக்கிரம் சாகாதுன்னாங்க

மீனா: சாகாது, மத்ததை சாகடிக்கும். ஒரு மூலைய பிடிச்சுக்கிட்டு பின்னாடி வர்றதையெல்லாம் தொரத்தும், அப்பறம் பாறைய மொத்தமா கலைக்காம அதை பிடிக்கவே முடியாது. அண்ணா நீ ஒண்ணே ஒண்ணு முடிவு பண்ணு, இறால் நத்தை வேணுமா இல்ல பெரிய அழகு மீன் வேணுமா. இறால் வேணும்னா அதைத் திங்காத மீனா பாத்து எடுக்கணும், ட்ரிக்கர், பஃபர் மாதிரி மீன் பக்கமே போகக்கூடாது

பிரவீன் அண்ணன்: யாழிக்கு இறால்தான்

மீனா: அப்ப ரொம்ப நல்லது

பெரியம்மா: மீனா கண்ணு, உப்புக்கு ஏன் காசு குடுக்கணும், வேதாரண்யம் உப்பு மூட்டையா கெடைக்குதே, உங்கப்பாட்ட சொன்னா நாகப்பட்டினத்துலேர்ந்து பஸ்ல போட்டு விடுவாரே

அப்பா: அண்ணி தாராளமா அனுப்பலாம்

மீனா: அப்பா வேணாம். உப்பளத்துல உப்பு பூக்கும்போது மெக்னீசியமெல்லாம் மிச்சத் தண்ணியோட போயிடும் பெரியம்மா, நம்ம கைக்கு வர்றது சமையலுக்கு சரி. இறால் ஓடு மாத்தவும் நத்தை ஓடு வளரவும் கால்சியம் மெக்னீசியம் எல்லாம் கடல்ல இருக்குற அளவுல வேணும், அதுக்குன்னே மெரைன் சால்ட் விக்குது, லிட்டருக்கு 35 கிராம் கிட்ட வரும், உப்பு அடர்த்தி பாக்குற ரிஃப்ராக்டோமீட்டர்ல 1.025 காட்டணும்

சீர்காழி அத்தை: ஏண்டி திருமுல்லைவாசல் பக்கத்துலதானே இருக்கு, கேன்ல கடல் தண்ணியே பிடிச்சு அனுப்பவா

மீனா: அத்தை நம்ம பக்கம் ஆத்துத் தண்ணி அத்தனையும் அங்கதான் வந்து சேருது, ஐப்பசி கார்த்திகை மழையில கரையோரம் உப்பு எவ்வளவு எறங்கும்னு சொல்லவே முடியாது, சேறும் வரும். மீன் கொஞ்சம் தாங்கும், இறாலுக்கு உப்பு திடீர்னு மாறினா ஆகாது

பெரியம்மா: சரி உப்பு வாங்கிக்கலாம், தண்ணிக்குத்தான் வீட்ல ஆர்ஓ இருக்கே, போன மாசந்தான் காப்பர் போட்ட புது மெஷின் மாட்டினோம்

மீனா: பெரியம்மா நல்லவேள சொன்னீங்க!! அந்த காப்பர் தண்ணி டேங்க்ல ஒரு சொட்டு கூட வேணாம். செம்பு கொஞ்சம் கலந்தாலும் இறால் நத்தை நண்டு எல்லாம் செத்துப் போயிடும். மீனுக்கு வெள்ளப்புள்ளி நோய் வந்தா கடைல குடுக்குற மருந்துல பலதுலயும் செம்புதான் அண்ணா, அத டேங்க்ல ஊத்தவே ஊத்தாத, மீனை மட்டும் தனி தொட்டிக்கு மாத்தித்தான் வைத்தியம். டேங்க் தண்ணி ஆவியாகி கொறையும்ல, அப்ப காப்பர் கலக்காத, உப்பு போடாத ஆர்ஓ தண்ணி மட்டும் ஊத்து, உப்பு ஆவியாகாது

பிரவீன் அண்ணன்: காப்பர் காட்ரிட்ஜ கழட்ட முடியுமான்னு கேக்குறேன். லைவ் ராக், அதான் உயிர் ஒட்டியிருக்குற கடல் பாறை, பாம்பன் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் தரேங்கிறார்

மீனா: வாங்கவே வாங்காத அண்ணா. 2001லயே பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாத்தையும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல சேத்தாச்சு, அது பவளப்பாறைய ஒடச்சு எடுத்ததா இருந்தா கேஸ். சட்டம் இல்லாட்டியும் மன்னார் வளைகுடாவ ஒடச்சு நம்ம ஹால்ல வைக்கிறது எனக்கு மனசு ஒப்பாது. செராமிக் கல்லு போதும், மீன் கழிவுல வர்ற விஷத்த மாத்துற பாக்டீரியா அதுலயே வளரும், நாலஞ்சு வாரம் ஆகும், அந்த விஷம், அதான் அமோனியாவும் நைட்ரைட்டும், டெஸ்ட்ல பூஜ்யம் காட்டுற வரைக்கும் ஒரு உயிரும் விடாத. க்ளவுனும் பண்ணைல பொரிச்சதா கேட்டு வாங்கு, மண்டபத்துல இருக்குற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துலயும் (சிஎம்எஃப்ஆர்ஐ) பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்துலயும் அத பொரிக்க வச்சு வளத்திருக்காங்க. பண்ணைக் குஞ்சு குருணத் தீனி திங்கப் பழகியிருக்கும்

பிரவீன் அண்ணன்: அப்ப எதெது விடலாம் நீயே சொல்லு

மீனா: மொதல்ல பாசி வந்ததும் நத்தை, கூட ரெண்டு மூணு ஹெர்மிட் நண்டு, அது காலி நத்தை ஓட்டுக்குள்ள குடியிருக்கும். நண்டு வளர வளர பெரிய ஓடு தேடும், காலி ஓடு நாலஞ்சு போட்டு வை, இல்லாட்டி நத்தைய கொன்னு அது ஓட்ட எடுத்துக்கும்.

அடுத்து வாட்ச்மேன் கோபிங்கிற மீனும் பிஸ்டல் இறாலும் ஜோடியா. இதுதான் யாழிக்கு நான் ரொம்ப ஆசப்பட்டு சொல்றது. அந்த இறாலுக்கு கண்ணு சரியா தெரியாது, நாள் முழுக்க மணல்ல வளை தோண்டிக்கிட்டே இருக்கும், மீன் வாசல்ல காவல் இருக்கும், இறால் வெளில வரும்போதெல்லாம் ஒரு மீசைய மீன் மேல வச்சுக்கிட்டேதான் வரும், ஆபத்துன்னா மீன் வால ஆட்டும் உடனே ரெண்டும் உள்ள போயிடும். அதுக்காக கல்ல மணல் மேல வைக்காத, கண்ணாடித் தரைல நிறுத்திட்டு சுத்தி மணல் கொட்டு, இல்லாட்டி அது தோண்டுற தோண்டுல கல்லு சரிஞ்சு இறால் மேலயே விழும்

சீர்காழி அத்தை: அட சாமி, நான் வந்து பாக்குறேன் இத

மீனா: அப்பறம் க்ளீனர் இறால், கடைசியா க்ளவுன் ரெண்டு, ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. பெருசு பொண்ணாயிடும், சின்னது ஆணாவே இருக்கும், அப்பதான் சண்ட கம்மி. மூணு வாங்காத, ரெண்டு சேந்து ஒண்ண அடிக்கும். ஆனிமோன் இப்ப வேணாம், க்ளவுன் அது இல்லாமலே நல்லா இருக்கும், டேங்க் ஒரு வருசம் ஆகட்டும்

பெரியம்மா: இறால் செத்துப் போச்சுன்னா புள்ள அழுமேடி

மீனா: ஓடு கழட்டிப் போடும் பெரியம்மா, பாக்க செத்த இறால் மாதிரியே கெடக்கும். தூக்கி எறியறதுக்கு முன்னாடி கல்லு இடுக்குல பாருங்க, புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் ஒளிஞ்சிருக்கும்

அப்பா: கரண்ட் போனா என்னம்மா பண்றது

மீனா: பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம் வேணும்ப்பா. சித்திரை வெயில்ல தண்ணி 28 டிகிரி தாண்டாம மேல ஒரு ஃபேனும் ஓடணும்

பிரவீன் அண்ணன்: லயன், டாங், டாம்செல், ஆனிமோன் நாலையும் எடுத்தாச்சு. கோபி 1, பிஸ்டல் 1, க்ளீனர் 2, க்ளவுன் 2, நத்தை 6, ஹெர்மிட் 3. ஃபயர் ஃபிஷ் ஒண்ணு சேத்துக்கவா, யாழி போட்டோ பாத்துட்டு விட மாட்டேங்கிறா

மீனா: சேத்துக்க, க்ளவுனுக்கு முன்னாடியே விட்டுடு, பயந்த மீன் அது, எம்பிக் குதிச்சிடும், மேல வலை மூடி போட்டாத்தான். நாளைக்கு ஆர்ஓ மெஷின் உள்ள இருக்குற காட்ரிட்ஜ்ல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்துப் போடு அண்ணா, உப்பு அதுக்கப்பறம் வாங்கு