பப்பிள் விட்ச் 3 சாகா: திறமை ஆட்டமா, காசு ஆட்டமா?

தென்றல்:
மொபைல் புதிர் ஆட்டம் என்றாலே நேர விரயம், காசு பிடுங்கி என்று இங்கே எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்கள். நான் பப்பிள் விட்ச் 3 சாகா ஆடுகிறேன், கிங் நிறுவனத்துடையது, 2017இல் வந்தது. ஒரு பைசா போட்டதில்லை. கீழே இருந்து வண்ணப் பந்தை எய்ய வேண்டும், ஒரே நிறம் மூன்று சேர்ந்தால் வெடிக்கும், விதி அவ்வளவுதான். ஆனால் ஆடத் தெரிந்தவர் மூன்றைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார், எதை அறுத்தால் அதைப் பிடித்துத் தொங்குவது மொத்தமும் விழும் என்றுதான் பார்ப்பார். நேற்று ஒரு லெவலில் இடது ஓரத்தில் இரண்டே மஞ்சள் பந்து, அவற்றின் அடியில் பத்துப் பன்னிரண்டு பந்து கொத்தாகத் தொங்குகிறது, நேர் வழி முழுக்க அடைப்பு. வலது சுவரில் அடித்துத் திருப்பி மூன்றாவது மஞ்சளை அந்த இடுக்கில் நுழைத்தேன், கொத்து அப்படியே சரிந்தது. கேரம் போர்டில் ரீபவுண்ட் அடித்துக் காயைப் போடுகிற சுகம். இதில் திறமை இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஆர்கேட் மாமா:
திறமை இல்லை என்று யாரும்மா சொன்னது? அந்த ரீபவுண்ட், கொத்தை அறுப்பது எல்லாம் 1994இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ஆர்கேடில், அதாவது காசு போட்டு ஆடுகிற மெஷினில், இறக்கிய பஸில் பாபிளிலேயே இருக்கிறது. அதில் பந்துக்குக் கணக்கே கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் எய்யலாம், ஆனால் மேல்கூரை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும், யோசித்துக்கொண்டே நின்றால் பந்து தானாகவே பாய்ந்துவிடும். நெருக்கடி முழுக்க ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. மொபைலில் கூரையைத் தூக்கிவிட்டு, இத்தனை பந்துதான் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். தீர்ந்துபோனதும் என்ன வரும்? இன்னும் கொஞ்சம் பந்து வேண்டுமா, இந்தா கடை. எத்தனை பந்து தரலாம் என்று முடிவு செய்கிறவரும் கூடுதல் பந்து விற்கிறவரும் ஒரே ஆள். எனக்கு இடிப்பது அந்த ஒரு இடம்தான்.

முட்டைகோஸ்:
மாமா, ஆர்கேட் என்ன தர்ம சத்திரமா? ஆட்டம் முடிந்ததும் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணி, தொடர வேண்டுமானால் இன்னொரு காசு போடு என்றுதானே கேட்டது. கூரை இறங்குகிற வேகத்தை வைத்தவரும் காசுப்பெட்டி வைத்தவரும்கூட ஒரே கூட்டணிதான். தென்றல் அக்காவாவது சும்மா ஆடுகிறார், நீங்கள் பள்ளிக்கூடக் காலத்தில் டிபன் காசையே அதில் போட்டிருப்பீர்கள்.

ஆர்கேட் மாமா:
போட்டேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே காசு போட்டால் கிடைப்பது எல்லாருக்கும் ஒரே ஆட்டம், பத்து ரூபாய் அதிகம் வைத்திருந்தவனுக்குக் வெடிகுண்டுப் பந்து கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒருவன் வந்து இருவர் ஆட்டத்தில் நின்றால், நான் விழவைக்கிற கொத்து அவன் பக்கம் குப்பையாகப் போய்ச் சேரும், அவனும் திருப்பி அனுப்புவான். இந்த பப்பிள் விட்ச்சில் எதிரே ஆளே இல்லை. ஆந்தையை விடுவி, ஆவியை விடுவி, தேவதை ராணியைக் காப்பாற்று, அந்த வில்பர் பூனையைத் துரத்து. அலங்காரம் நன்றாகத்தான் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

இரவுப்பறவை:
திறமையா அதிர்ஷ்டமா என்பதற்கு ஒரு விஷயம். எரிக் டெமெய்ன், ஸ்டெஃபான் லாங்கர்மன் என்ற கணினி அறிவியல் ஆய்வாளர்கள் இருவரும் பஸில் பாபிள் என்பி-முழுமை வகைக் கணக்கு என்று நிரூபித்துக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அதாவது வரப்போகிற பந்துகளின் வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரிந்தாலும், எல்லாவற்றையும் வெடிக்க வைக்க முடியுமா என்று கண்டுபிடிக்க எப்போதும் வேகமாக வேலை செய்கிற வழி இதுவரை யார் கையிலும் இல்லை. குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் கவனிக்கவும்.

முட்டைகோஸ்:
ஐயா, வரிசை தெரிந்தால்தானே அந்தக் கணக்கு? நமக்குத் தெரிவது கையில் இருக்கிற பந்து, அதற்கு அடுத்த பந்து, தட்டினால் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம், அதோடு சரி. கடைசி மூன்று பந்தில் நீலம் வராவிட்டால் எந்தக் கணிதப் பேராசிரியரும் காப்பாற்ற மாட்டார்.

தென்றல்:
கடைசி மூன்று பந்துவரை நீலத்தை ஏன் விட்டு வைத்தீர்கள் என்று நான் கேட்பேன். ஆரம்பத்திலேயே ஒரு நிறத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால், இந்த வகை ஆட்டங்கள் பலவற்றில் அந்த நிறம் அப்புறம் கைக்கே வராது. அப்படிக் குறைத்துக்கொண்டே போனால் அதிர்ஷ்டத்தின் பங்கும் குறையும். மாற்றிக்கொள்ளும் வசதியை வைத்து வேண்டாத பந்தை ஓரமாக ஒட்டி வைப்பதும் ஒரு வித்தைதான். லைஃப் தீர்ந்து அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறதா, எனக்கு அது நல்லதுதான், எழுந்து போய் குக்கரை இறக்குவேன்.

இரவுப்பறவை:
குறை என்றால் எனக்கு நிறம்தான் குறை. சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. பழைய பஸில் பாபிளில் ஒவ்வொரு நிறப் பந்துக்குள்ளும் ஒரு தனிப் பூதம் அடைபட்டிருக்கும், உருவத்தைப் பார்த்தே அடித்துவிடலாம். இப்போது வருகிற நகல்கள் பலவற்றில் வெறும் பளபளப்பான உருண்டை. பெயர் வேண்டாம், ஒன்றில் நிறக்குறைபாட்டுக்கான வசதி எங்கே என்று செட்டிங்ஸ் முழுக்கத் தேடினேன், இருந்தது அதிர்வு, இசை, ‘கடை’ மூன்றும்தான். போதாக்குறைக்கு ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு விளம்பரம், மூடுகிற பெருக்கல் குறி அரிசி அளவு, விரல் தவறினால் ப்ளே ஸ்டோரில் போய் நிற்போம்.

ஆர்கேட் மாமா:
பார்த்தீர்களா, முப்பது வருடத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் இப்போது தெரியவில்லை! குறிக்கோடு மட்டும் சுவரில் பட்டுத் திரும்புவது வரைக்கும் புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டுகிறார்கள். கோணத்தைக் கண்ணால் அளப்பதுதானே ஆட்டம், தென்றல்? உங்கள் ரீபவுண்டில் பாதியை அந்தக் கோடுதான் அடித்தது.

தென்றல்:
அந்தக் கோடு எங்கே போகும் என்று காட்டும், எங்கே போகவேண்டும் என்று காட்டாது மாமா. அப்புறம், அது தொடுதிரை. ஆர்கேட் நெம்புகோலில் ஒவ்வொரு துளியாகத் திருப்பலாம், இங்கே கட்டைவிரலை எடுக்கும்போது ஒரு நூல் நகர்ந்தாலே பந்து வேறு பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். கோடு இல்லாமல் ஆறு அங்குலத் திரையில் ஆடிப் பாருங்கள்.

முட்டைகோஸ்:
காசு விஷயத்துக்கு வருவோம். 2016இல் ஆக்டிவிஷன் பிளிஸார்டு இந்த கிங் நிறுவனத்தை 590 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இலவச ஆட்டக் கம்பெனிக்கு அவ்வளவு விலை. அக்கா சும்மா ஆடுகிறார் என்றால் அவருக்கும் சேர்த்து வேறு யாரோ கட்டுகிறார்கள். முன்னூறு ரூபாய் ஒரே தடவை வாங்கிக்கொண்டு கடையை எடுத்துவிட்டால் நான் வாங்குவேன். மாமா வாங்குவாரா?

ஆர்கேட் மாமா:
கூரை இறங்கினால் வாங்குகிறேன்.

தென்றல்:
இங்கே ‘வாங்குவேன்’ என்று எழுதுகிறவர்களில் எத்தனை பேர் இதுவரை ஒரு ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்? அதை முதலில் சொல்லுங்கள்.