வெற்றிட பம்புகளை மாற்றுவதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

கேள்வி (நிபோங் திபால்)

வணக்கம். பழைய அட்டைப் பெட்டிகளைக் கூழாக்கிப் பெட்டிக் காகிதம் செய்யும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறேன். நிமிடத்துக்கு 600 மீட்டர் வேகத்தில் ஓடும் எங்கள் இயந்திரத்தில் வயர் பகுதிக்கும் (கூழிலிருந்து நீர் வடியும் வலை) பிரஸ் பகுதிக்குமாக (ஈரத்தாளைப் பிழியும் உருளைகள்) ஆறு லிக்விட் ரிங் பம்புகள் (உள்ளே சுழலும் நீர் வளையத்தால் காற்றை இழுக்கும் வெற்றிட பம்புகள்) உள்ளன. மலேசியாவின் எரிசக்தித் திறன் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்து, ஆண்டுக்கு 21,600 கிகாஜூலுக்கு மேல் பயன்படுத்துவோர் எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும் என்றாகிவிட்டதால், நிர்வாகம் இவற்றுக்குப் பதிலாக டர்போ ப்ளோவருக்கு (அதிவேக இறக்கைகளால் காற்றை இழுக்கும் இயந்திரம்) விலை கேட்டிருக்கிறது. பிற்பகலில் பம்பின் நீர் வளையத்துக்கான சீல் தண்ணீர் 40 டிகிரியைத் தொடுகிறது. வயரின் முடிவில் தாளிலிருந்து நீரை உறிஞ்சும் கவுச் ரோலில் வெற்றிடம் இறங்குகிறது. பிரஸ்ஸில் தாளைத் தாங்கி நீரை வாங்கும் துணியான ஃபெல்ட்டும் ஈரமாகவே சுற்றுகிறது. பம்பை மாற்றினால் இவை தீருமா?

பதில் (பட்டர்வொர்த்)

தம்பி, இரண்டும் வெவ்வேறு கோளாறுகள் என்றே எனக்குப் படுகிறது.

கவுச் ரோலில் 70 கிலோ பாஸ்கல் வெற்றிடம் வேண்டுமென்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பம்புக்குள் மிஞ்சுவது ஏறத்தாழ 31 கிலோ பாஸ்கல் அழுத்தம்தான். 40 டிகிரித் தண்ணீரின் ஆவி அதில் 7.4 கிலோ பாஸ்கலைத் தானே பிடித்துக்கொள்கிறது. பம்பின் திறன் வழக்கமாகக் குறிக்கப்படும் 15 டிகிரியில் அது 1.7 மட்டுமே. உலர்ந்த காற்றை வைத்துக் கணக்கிட்டால், அதே மின்சாரத்துக்கு இழுக்கும் காற்று 100க்கு 80 ஆகிவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்திலும், ஒழுங்காகப் பராமரித்த கூலிங் டவர் தண்ணீரை 30 டிகிரிக்கு அருகில் கொண்டுவந்துவிடும். ஆகவே முதலில் டவரைக் கழுவுங்கள். பம்பைத் திறக்கும்போது சுண்ணாம்புப் படிவையும் பாருங்கள். பழைய காகிதக் கூழில் அது தவறாமல் வரும்.

ஃபெல்ட் விஷயம் வேறு. ஃபெல்ட்டிலிருந்து நீரை உறிஞ்சும் பெட்டியான யூலே பாக்ஸின் பிளவைக் கடக்கும் நேரம் 2 முதல் 4 மில்லி விநாடி இருந்தால்தான் ஃபெல்ட் தண்ணீரை விடும். உங்கள் பிளவின் அகலம் என்ன? யூலே பாக்ஸுக்கான பம்பின் குழாயில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வு திறந்திருக்கிறதா? செபரேட்டரிலிருந்து (உறிஞ்சிய காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் கலம்) இறங்கும் தண்ணீரையும், பிரஸ் உருளைகள் அழுந்தும் இடமான நிப்பின் தட்டில் விழுவதையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பெரும்பகுதி நிப்பிலேயே வெளியேறினால், யூலே பாக்ஸுக்கு அத்தனை வெற்றிடம் தேவையே இல்லை. ஆனால் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணித் தாளை ஈரமாக அனுப்பிவிடாதீர்கள். பிரஸ்ஸைத் தாண்டும் தாளில் உலர்வு 1 விழுக்காடு கூடினாலே உலர்த்தியில் நீராவி ஏறத்தாழ 4 விழுக்காடு குறையும்.

பதில் (கோலாலம்பூர்)

மேலே உள்ள ஐயா சொன்ன வரிசையை ஏற்கிறேன். எனினும் டர்போ ப்ளோவரை ஒதுக்கிவிட வேண்டாம். அதற்குச் சீல் தண்ணீர் தேவையில்லை. குடிநீருக்கு மூடா ஆற்றையே பெரிதும் நம்பியிருக்கும் பினாங்கில் இது சிறிய சேமிப்பு அல்ல. 100 டிகிரிக்கு மேல் சூடாக வெளியேறும் அதன் காற்றைக் கொண்டு, உலர்த்தியை மூடியிருக்கும் கூண்டுக்குப் போகும் காற்றைச் சூடாக்கலாம். தேவைக்கேற்ப வேகத்தையும் குறைக்கலாம்; லிக்விட் ரிங்கில் ஓரளவுக்குக் கீழே வேகம் இறங்கினால் நீர் வளையமே உருவாகாது. ஆனால் செபரேட்டர் தண்ணீரை முழுமையாகப் பிரிக்காவிட்டால் அதிவேகத்தில் சுழலும் இறக்கைகள் கெட்டுவிடும். அளக்காமல் வாங்கினால், இன்று வீணாகும் காற்றையும் சேர்த்தே பெரிய ப்ளோவரை வாங்கிவிடுவீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பிளவு ஒன்றுதான், 12 மில்லிமீட்டர். அந்தப் பம்பின் வால்வு பாதி திறந்து, பேச முடியாத அளவுக்குக் கீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

பதில் (பட்டர்வொர்த்)

விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 12 மில்லிமீட்டர் என்றால் ஃபெல்ட்டுக்குக் கிடைப்பது 1.2 மில்லி விநாடி மட்டுமே. இன்னொரு பிளவைச் சேர்த்தால் 2.4 ஆகும். அதற்கு வேண்டிய காற்றைத்தான் இப்போது அந்த வால்வு வெளியிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த இயந்திர நிறுத்தத்தில் பிளவைச் சேர்த்து, வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே மோட்டாரின் ஆம்பியரையும் செபரேட்டர் தண்ணீரையும் குறித்து வையுங்கள். டர்போவின் அளவை அந்தக் குறிப்பிலிருந்து முடிவு செய்யலாம்.