ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் ஓட்டுரிமை வளர்ந்ததா, சுருங்கியதா?

வைகைக்கரை:
20 டாலர் நோட்டில் அமெரிக்க அதிபராக இருந்த ஜாக்சன் படம் இருக்கலாமா என்று இன்னொரு இழையில் பேச்சு வந்தது. அவரைக் கொடுங்கோலன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 1824 அதிபர் தேர்தலில் அமெரிக்கா முழுக்க விழுந்த மக்கள் வாக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம். 1828-இல் ஜாக்சன் ஜெயித்தபோது அது 11 லட்சத்தைத் தாண்டியது. 1840-இல் 24 லட்சம். நிலபுலன் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த ஊர்களில் கொல்லனும் கூலிக்காரனும் ஓட்டுப் போட வந்தார்கள். இதைச் சின்ன விஷயமாகத் தள்ள என்னால் முடியாது.

செங்காந்தள்:
நண்பரே, கணக்கு சரி. ஆனால் நியூயார்க்கைப் பாருங்கள். 1821-இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடினார்கள். வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியை எடுத்தார்கள். கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்று அதே கூட்டத்தில் எழுதினார்கள். வட கரோலினாவில் அடிமைகளாக இல்லாத கறுப்பினத்தவர் 1835 வரை ஓட்டுப் போட்டார்கள்; அந்த ஆண்டு பறித்துக்கொண்டார்கள். நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களுக்கு இருந்த ஓட்டு 1807-இலேயே போனது. ஏழை வெள்ளையனுக்குக் கதவைத் திறந்த கைதான் மற்றவர்களுக்குத் தாழ்ப்பாள் போட்டது.

வைகைக்கரை:
1807-ஐ ஜாக்சன் தலையில் கட்டாதீர்கள். அவர் அதிபரானதே 1829-இல்தான். நியூயார்க்கும் வட கரோலினாவும் மாநிலங்கள் எடுத்த முடிவு. எங்குமே ஓட்டுரிமை படிப்படியாகத்தான் வந்திருக்கிறது. முதலில் ஏறியவர்கள் அப்புறம் மற்றவர்களையும் ஏற்றிவிடுவார்கள்.

செங்காந்தள்:
ஏற்றிவிடவில்லையே! 250 டாலர் விதியை எடுக்கலாமா என்று 1846-இல் நியூயார்க் வாக்காளர்களிடமே கேட்டார்கள். வேண்டாம் என்றார்கள். 1860-இல் மறுபடி கேட்டார்கள், மறுபடியும் வேண்டாம். உள்நாட்டுப் போர் முடிந்து, 1870-இல் நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்திய பிறகுதான் அந்த விதி செத்தது.

பனங்கூடல்:
இடையில் வருவதற்கு மன்னியுங்கோ. நான் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. 1823-இல் எங்கள் ஊரில் செமினரி தொடங்கிய அமெரிக்கன் மிஷனின் தலைமைச் சங்கம் பாஸ்டனில் இருந்தது. அதே சங்கம் அமெரிக்கப் பழங்குடிகளான செரோக்கி மக்களிடமும் ஊழியர்களை அனுப்பியிருந்தது. அந்த மக்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது அப்படித்தான்.

செக்வோயா என்ற செரோக்கிக்காரர் தம் மொழிக்குத் தாமே எழுத்து உண்டாக்கினார். எங்கள் க, கா, கி போல அசைக்கு ஓர் எழுத்து. அச்சுக்குப் போனபோது மொத்தம் 85. 1828-இல் அதில் பத்திரிகையே வந்தது. ஒரு பத்தி செரோக்கி, ஒரு பத்தி ஆங்கிலம். 1827-இல் தங்களுக்கென்று அரசியல் சட்டமும் எழுதிக்கொண்டார்கள்.

பழங்குடிகளை அவர்கள் மண்ணிலிருந்து மேற்கே அனுப்ப 1830-இல் ஜாக்சன் கொண்டுவந்த வெளியேற்றச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் 102-க்கு 97 என்று தப்பிப் பிழைத்தது. சங்கத்தின் ஊழியர் சாமுவேல் வூஸ்டர், ஜார்ஜியா மாநில அரசின் அனுமதி வாங்காமல் செரோக்கி மண்ணில் இருந்தார் என்று நான்கு ஆண்டு கடுங்காவல் பெற்றார். ஜார்ஜியாவின் சட்டம் அங்கே செல்லாது என்று 1832-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியும் 1833 ஜனவரியில்தான் அவரை விட்டார்கள். பிறகு 1835-இல் செரோக்கிகளில் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி, அவர்களுடைய முழு நாட்டையும் எழுதிக் கொடுத்ததாக ஒப்பந்தம். அது எங்களைக் கட்டுப்படுத்தாது என்று தலைவர் ஜான் ராஸ் 15,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மனுக் கொடுத்தார். ஏறத்தாழ 16,000 பேர் கொண்ட மக்கள் அவர்கள். 1838 கோடையில் படை வந்து வீடு வீடாக இழுத்துப்போய்ப் பட்டிபோல வேலியடைத்த முகாம்களில் விட்டது. முகாமிலும் மேற்கே போன வழியிலும் செத்தவர்கள் சுமார் 4,000 என்பார்கள்.

வைகைக்கரை:
செரோக்கி விஷயத்தில் ஜாக்சனுக்காக நான் பேச மாட்டேன், அது கொடுமை. ஆனால் அந்த 97 பேரையும் பாருங்கள். அதில் ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியின் டேவி கிராக்கெட்டும் உண்டு. மக்கள் அரசியலுக்குள் வந்ததால்தான் எதிர்ப்பும் அந்த அளவுக்கு வளர்ந்தது.

செங்காந்தள்:
அந்த எதிர்ப்பை வளர்த்ததில் ஓட்டில்லாதவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1829-இல் கல்வியாளர் கேத்தரின் பீச்சர், செரோக்கிகளுக்காக மனு அனுப்பும்படி பெண்களைக் கேட்டுப் பெயர் போடாமல் சுற்றறிக்கை விட்டார். ஓட்டில்லாதவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் மனு. அடுத்து அடிமை ஒழிப்புக்காகப் பெண்கள் கதவு கதவாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள், தாளோடு தாளை ஒட்டி நீளமாகச் சுருட்டி அனுப்பினார்கள். 1836-இல் கீழவை என்ன செய்தது? அடிமை முறை பற்றிய மனு எதையும் படிக்காமல், விவாதிக்காமல் ஒதுக்க வேண்டும் என்று விதி போட்டது.

1838 மே மாதம் பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்பாளர்கள் கட்டிய பெரிய அரங்கம் திறந்த சில நாளிலேயே ஒரு கும்பல் தீ வைத்தது. வந்த தீயணைப்பாளர்கள் பக்கத்துக் கட்டடங்களுக்குத்தான் தண்ணீர் அடித்தார்கள். அரங்கம் எரிந்து முடிந்தது. அதே ஆண்டு அதே மாநிலம், ஓட்டுரிமை விதியில் ‘வெள்ளையர்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தது.

வைகைக்கரை:
அந்த வாய்ப்பூட்டு விதியை உடைத்தது யார்? 1828-இல் ஜாக்சனிடம் தோற்ற ஜான் குவின்சி ஆடம்ஸ், சாதாரண உறுப்பினராகக் கீழவைக்கு வந்து, எட்டு ஆண்டு விடாமல் மனுக்களை நீட்டிக்கொண்டே இருந்தார். 1844 டிசம்பரில் விதி விழுந்தது. ஆடம்ஸ் தனியாக ஜெயிக்கவில்லை. ஜாக்சன் கட்சியின் வடக்கத்தி உறுப்பினர்களே மாற்றி ஓட்டுப் போட்டார்கள். ஊரில் வாக்காளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மனுவில் மனைவி கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வீட்டில் ஓட்டுள்ள ஒருவன் இருந்தான். மனுவுக்குப் பலம் அங்கிருந்துதான் வந்தது.

செங்காந்தள்:
அப்படியானால் ஜான் ராஸ் கொண்டுபோன 15,000 கையெழுத்துக்குப் பின்னால் யாருடைய ஓட்டு இருந்தது?

வைகைக்கரை:
யாருடையதும் இல்லை. அந்த இடத்தில் என் வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். 1844 பற்றிச் சொன்னதை மட்டும் விட மாட்டேன்.