தவறான டிஸ்கை உருவிய ராத்திரி

நீலவிளக்கு:

டிஸ்க் செத்துவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறோம். என் கதையில் டிஸ்க் சாகவில்லை. நான்தான் கொல்லப் பார்த்தேன்.

வீட்டில் நாலு பே (டிஸ்க் செருகும் இடம்) உள்ள சின்ன நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகள் வைக்கும் சேமிப்புப் பெட்டி. நாலும் 4 டிபி. ஜெட்எஃப்எஸ் என்ற கோப்பு முறை அவற்றை ரெய்டு-ஜெட்1 முறையில் ஒரே தொகுப்பாக, அதாவது பூலாக, வைத்திருக்கிறது. ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் அவ்வளவுதான். ஒருநாள், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் எஸ்டிசி என்ற டிஸ்குக்கு நேரே 197-ஆம் எண்ணில் 8 என்று வந்தது. படிக்க முடியாமல் டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும் செக்டார்களின் கணக்கு அது. அடுத்த வாரம் பார்த்தால் 40. சரி, இனி தாமதிக்கக் கூடாது என்று புது டிஸ்க் வாங்கிவிட்டேன்.

ராத்திரி பத்தரைக்குப் பெட்டியை அணைத்தேன். ஏ, பி, சி. மேலிருந்து மூன்றாவது ட்ரே. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உருவினேன், புதியதைச் செருகினேன், ஆன் செய்து ரீப்ளேஸ் கட்டளையைத் தட்டினேன். ரீசில்வர், அதாவது மற்ற டிஸ்குகளை வைத்துப் புதியதை நிரப்பும் வேலை, ஓட ஆரம்பித்தது. 11 சதவீதம் வந்தபோது மீதமிருந்த பழைய டிஸ்குகளில் ஒன்றில் ரீட் பிழை ஏறிக்கொண்டே போனது. கெட்டுப்போனதைத்தான் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டேனே, அப்புறம் இது எங்கிருந்து வருகிறது? மேஜையில் கிடந்ததைத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தேன். சீரியல் நம்பர் வேறு. நல்ல டிஸ்க் வெளியே கிடக்கிறது, நோயாளி உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் லினக்ஸ் தன் கண்ணில் பட்ட வரிசையில் வைக்கிற பெயர்கள். ட்ரே வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு ரீபூட்டில் மாறவும் மாறலாம். இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

என் அதிர்ஷ்டம், உருவிய டிஸ்கை அன்றைக்கே அழித்துவிடலாம் என்று நினைத்திருந்தும் சோம்பலில் விட்டிருந்தேன். பெட்டியை அணைத்து, புதியதை எடுத்துவிட்டு நல்லதை அதே ட்ரேயில் திரும்பப் போட்டேன். விட்டுப்போன கொஞ்சத்தை மட்டும் சில நிமிஷத்தில் அது எழுதிக்கொண்டது. பாதியில் நின்ற புது டிஸ்கின் பெயரை பூலிலிருந்து டிடாச் செய்தேன். அடுத்தடுத்து இரண்டு ஸ்க்ரப் (எல்லாத் தகவலையும் படித்துச் சரிபார்க்கும் ஓட்டம்) ஓட்டினேன், சேதமான கோப்புகளின் பட்டியல் காலியானது. அதன் பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

இப்போது ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் சீரியல் நம்பரின் கடைசி நாலு எழுத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழம்பெட்டி:

நடந்திருக்கிறதாவா! என்னுடையது பழைய கம்ப்யூட்டர் கேஸில் கட்டிய சர்வர். ட்ரேயும் கிடையாது, டிஸ்குக்கு ஒரு விளக்கும் கிடையாது. டிஸ்கின் ஸ்டிக்கர் தலைப்பக்கம் இருக்கும், அதன் மேலே அடுத்த டிஸ்க் உட்கார்ந்திருக்கும். படிக்க வேண்டுமென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் நான் வாங்கிய அன்றே, பொருத்துவதற்கு முன்பே, வயர் செருகும் பக்கத்தில் மார்க்கரால் எழுதிவிடுவேன்.

விளக்கு உள்ள பெட்டிக்காரர்களுக்கு ஒன்று. சந்தேகம் வந்தால் அந்த ஒரு டிஸ்கை மட்டும் டிடி கட்டளையால் சும்மா படிக்க விடுங்கள், எது விடாமல் மினுக்குகிறதோ அதுதான். டிடி-யில் இன்புட், அவுட்புட் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள், டிஸ்கில் உள்ளது அழிந்து அது வேறொரு அனுபவப் பகிர்வாகிவிடும்.

நான் பட்டது வேறு கதை. ஒரு டிஸ்க் அடிக்கடி பூலிலிருந்து கழன்றுபோகும். புதியது வாங்கி மாற்றினேன். மூன்றே நாளில் புதியதும் அதே மாதிரி கழன்றது. ஸ்மார்ட்டில் 199-ஆம் எண்ணைப் பார்த்தேன், சிஆர்சி பிழை. அது டிஸ்கின் தட்டில் வரும் கோளாறு அல்ல, டிஸ்குக்கும் போர்டுக்கும் நடுவே தகவல் போகும் வழியில் வருவது. சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றுவிட்டது. பழைய டிஸ்க் ஒன்றுமறியாத பாவம், இன்றைக்கும் ஓடுகிறது. அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அதனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காதீர்கள், கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம்பே:

நீலவிளக்கு அண்ணா, பெட்டியில் ஒரு போர்ட் காலியாக இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. டிஸ்க் முழுதாகச் சாகாமல் தள்ளாடுகிற நிலையில் இருந்தால் அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். புதியதைக் காலி போர்ட்டில் செருகி, பழையது இருக்கும்போதே ரீப்ளேஸ் கொடுங்கள். பழையதில் படிக்க முடிந்தவரை அங்கிருந்து படிக்கும், முடியாத இடத்தில் மற்ற டிஸ்குகளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளும். முடிந்த பிறகு பழையது தானாகவே பூலிலிருந்து விலகிவிடும். லினக்ஸின் எம்டிஏடிஎம் ரெய்டு வைத்திருப்பவர்களுக்கும் ரீப்ளேஸ் உண்டு. டிஸ்கை ஃபெயில் செய்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் நாலு டிஸ்கையும் 4 டிபி-யிலிருந்து 12 டிபி-க்கு மாற்றினேன். ஒவ்வொன்றாக மாற்றி, ரீசில்வர் முடிந்து, ஸ்டேட்டஸ் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்தது. மூன்று மாற்றியும் இடம் ஒரு பைட்கூடக் கூடாது. முதல்முறை செய்பவர்கள் இங்கேதான் பதறுகிறார்கள். நாலாவதும் முடிந்தால்தான் கூடும், அதுவும் ஆட்டோஎக்ஸ்பேண்ட் (பூல் தானாக விரியும் அமைப்பு) ஆனில் இருந்தால்.

ஆனால் அதிக நேரம் தின்றது இதுவல்ல, புது டிஸ்குகளைச் சோதித்ததுதான். முதலில் ஸ்மார்ட்டின் நீண்ட சோதனை. அப்புறம் பேட்பிளாக்ஸ் என்ற கருவியின் எழுதும் சோதனை, அது டிஸ்கில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால் வெறும் டிஸ்கில் மட்டும்தான் ஓட்ட வேண்டும். நாலு விதமான பேட்டர்ன், ஒவ்வொன்றையும் முழு டிஸ்கிலும் எழுதித் திரும்பப் படிக்கும், ஆக மொத்தம் எட்டு நடை. 12 டிபி-யை நொடிக்கு 180 எம்பி வேகத்தில் ஒருமுறை கடக்கவே பதினெட்டரை மணி நேரம். எட்டு நடைக்கு ஆறு நாள். பிளாக் அளவை 4096 என்று கொடுக்காவிட்டால் இவ்வளவு பெரிய டிஸ்கில் அது ஓடவே மறுக்கும். வீட்டில் 'இன்னும் முடியவில்லையா இந்தக் கரகர சத்தம்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலில் ஒன்று மூன்றாவது நாளே பிழை காட்டியது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன். சோதிக்காமல் பூலில் போட்டிருந்தால் அது ரீசில்வர் நடுவில் காலை வாரியிருக்கும்.

இன்னொன்று. அந்த டிஸ்குகளில் இரண்டு என் பழைய பவர் சப்ளையில் சுற்றவே இல்லை, காதை வைத்துக் கேட்டாலும் மூச்சுச் சத்தம் இல்லை. செத்தது வாங்கிவிட்டேன் என்று தலையில் கைவைத்தேன். பிறகுதான் தெரிந்தது, புதிய சாட்டா விதிப்படி பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் 'அணைந்து இரு' என்று அர்த்தமாம். பழைய சப்ளைகள் அந்தப் பின்னில் எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். மூன்றாவது பின்னின் மேல் ஒரு துளி கேப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத டேப்), அரிசி மணி அகலம்கூட இருக்காது. ஒட்டியதும் இரண்டும் சுற்ற ஆரம்பித்தன. மோலக்ஸ் என்ற பழைய பவர் கனெக்டரிலிருந்து சாட்டா மாற்றி போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு மாற்றிகள் உள்ளுக்குள் ஷார்ட் ஆகித் தீப்பிடித்த கதைகள் நிறைய உண்டு. எனக்கு டேப்பே போதும்.

மௌனவாசகன்:

நான் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ரீப்ளேஸ் என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஆட் (புதிதாகச் சேர்) என்று அடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பாதுகாப்பு இல்லை என்று ஜெட்எஃப்எஸ் எச்சரித்தது. எப்போதும் வருகிற புலம்பல்தானே என்று, படிக்காமல், 'கட்டாயம் செய்' என்று சொல்லும் மைனஸ் எஃப் சேர்த்து மறுபடி அடித்தேன். ஒற்றை டிஸ்க் ரெய்டு-ஜெட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த ஒன்று போனால் மொத்த பூலும் போகும். ரெய்டு-ஜெட் இருக்கிற பூலிலிருந்து அதைப் பிறகு கழற்றவும் முடியாது. முழு பூலையும் அழித்து, பேக்கப்பிலிருந்து திரும்ப ஏற்ற ஒரு வாரம் போனது. பேக்கப் இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

பழம்பெட்டி:

அதனால்தான் நான் கட்டளையை முதலில் மைனஸ் என் போட்டு ஓட்டுவேன், ஆட் செய்தால் பூல் எப்படி மாறும் என்று செய்யாமலே காட்டிவிடும். கூச்சப்படாதீர்கள் தம்பி, இங்கே எல்லோரும் ஏதோ ஒன்றை உடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.

மெதுவண்டி:

விலை குறைவாக இருக்கிறதே என்று எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்றை மாட்டினேன். தடங்களை ஓட்டு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை. ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் பக்கத்து ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். சாதாரணமாகக் கோப்பு வைத்து எடுக்கும்போது வித்தியாசமே தெரியாது. ரீசில்வர் ஆரம்பித்தால்தான் குணம் தெரியும். முதல் ஒரு மணி நேரம் பறந்தது, அப்புறம் நடந்தது, அப்புறம் உட்கார்ந்துவிட்டது. ஒன்பது நாள். இடையில் இரண்டு முறை பதில் சொல்லாமல் பூலிலிருந்து வெளியேற்றப்பட்டது. பெட்டிமேல் 'நாஸுக்கு ஏற்றது' என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள், 2020-ல் அப்படிப்பட்ட டிஸ்குகளிலேயே எஸ்எம்ஆர் இருந்தது வெளியாகிப் பெரிய சண்டை நடந்தது. மாடல் நம்பரை வைத்து நிறுவனத்தின் பட்டியலில் சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

நீலவிளக்கு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை பேக்கப்பைத் திறந்து பத்துப் பதினைந்து கோப்புகள் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, சீரியல் நம்பரைத் திரையில் ஒருமுறை, ட்ரேயில் ஒருமுறை, வெளியே எடுத்தபின் ஸ்டிக்கரில் ஒருமுறை என்று மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்திலிருந்த என் மகள் நாலாவது தடவை படித்தாள். அணைத்ததும் உடனே உருவவும் இல்லை, அரை நிமிஷம் நின்றேன். சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்கைக் கையில் எடுத்துச் சாய்த்தால் உயிருள்ளது போல வேறு பக்கம் திமிறும். ஒருமுறை அதை உணர்ந்தவன் அவசரப்பட மாட்டான்.

ரீசில்வர் ஏழே முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, பிழை பூஜ்யம். காலி போர்ட் இல்லாத பெட்டி என்பதால் ஐந்தாம்பே சொன்ன வழி எனக்கு வாய்க்கவில்லை, அடுத்த பெட்டி ஐந்து பே உள்ளதாகத்தான் வாங்குவேன். அன்றைக்குத் தவறாக உருவிய டிஸ்க் மூன்றாவது ட்ரேயில்தான் இருக்கிறது. மகள் அதன் ஸ்டிக்கரில் நம்பருக்குக் கீழே 'இது இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.