பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணியாம்! அணிலைக் காப்பாத்துறீங்களா, கொல்றீங்களா?

ஊசிமுனை:
நேத்து இங்க ஒருத்தர் போட்ட பதிவைப் பார்த்ததுலேருந்து எரிச்சல் அடங்கல. "அடிபட்ட அணில் கிடைச்சா பயப்படாதீங்க. பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணி கலந்து, பஞ்சுல நனைச்சு வாயில வெச்சாப் போதும், பொழைச்சுக்கும்"னு எழுதியிருக்கார். கீழ வரிசையா இதயக் குறி வேற.

பசும்பால்ல கொழுப்பு சுமார் 4 சதவீதம். லாக்டோஸ், அதாவது பால்ல இருக்கிற சர்க்கரை, 5 சதவீதத்துக்குக் கிட்ட. அணில், எலி மாதிரி கொறிவிலங்குகளோட தாய்ப்பால்ல கொழுப்பும் புரதமும் இதைவிட ரொம்ப அதிகம், லாக்டோஸ் குறைவு. ஏற்கெனவே சத்து போதாத பால்ல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்தினா கொழுப்பு 2 சதவீதம்தான் மிஞ்சும். ஒரு பக்கம் பட்டினி, இன்னொரு பக்கம் வயித்துப்போக்கு. உள்ளங்கை அளவு உயிருக்கு நீர்ச்சத்து வறண்டு போக எவ்வளவு நேரம் ஆகும்? போனப்புறம் "விதி முடிஞ்சுது"ன்னு இன்னொரு பதிவு போடுவீங்க. அதுக்கும் இதயம் விழும்.

நாலுதலைமுறை:
அந்தப் பதிவு போட்டவன் நான்தான். "ஒருத்தர்"னு எதுக்கு ஒளிஞ்சு பேசணும் தம்பி? பேரைச் சொல்லியே திட்டலாமே. எங்க வீட்டுல பாட்டி காலத்துலேருந்து அணில் குட்டி காப்பாத்தி விட்டிருக்கோம். பசும்பால்தான். பாதிக்குப் பாதி தண்ணிதான். பொழைச்சுதா இல்லையா? பொழைச்சுது. அப்புறம் என்ன சதவீதக் கணக்கு?

கிளைதாவி:
ஒரு சின்ன சந்தேகம். நீங்க ரெண்டு பேரும் பேசுறது அடிபட்ட வளர்ந்த அணிலா, கண்ணே திறக்காத குட்டியா? ரெண்டும் வேற வேற ஆச்சே. வளர்ந்த அணிலுக்கு எந்தப் பாலும் தேவையே இல்லையே?

ஊசிமுனை:
@நாலுதலைமுறை பொழைச்சதை மட்டும் எண்ணி வெச்சிருக்கீங்க. செத்ததை யார் எண்ணினாங்க? மரத்துல கொண்டுபோய் விட்ட மறுநாள் அது என்ன ஆச்சுன்னு பாட்டி போய்ப் பார்த்தாங்களா? நான் மீட்பு மையத்துல தன்னார்வலரா இருக்கேன். வீட்டு வைத்தியம் முடிஞ்சு, கடைசி மூச்சுல கொண்டு வர்ற குட்டிகளைக் கையில வாங்குறது நாங்க. வாலுக்குக் கீழ மஞ்சளா ஒட்டிக் காய்ஞ்சிருக்கும். பிடரித் தோலைக் கிள்ளி விட்டா உடனே படியாம அப்படியே நிக்கும், நீர்ச்சத்து வறண்டு போச்சுன்னு அர்த்தம். "என்ன குடுத்தீங்க"ன்னு கேட்டா ஒரே பதில்: பசும்பால், பாதிக்குப் பாதி தண்ணி.

நாலுதலைமுறை:
பாட்டியை இழுக்காதீங்க. மரியாதை குடுத்துப் பேசினா நானும் குடுப்பேன்.

வால்நட்சத்திரம்:
பாட்டியை முதல்ல இழுத்தது நீங்கதானே சார் 😄

மறுப்பாளன்:
லாக்டோஸ் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான பாலூட்டிக் குட்டிகளுக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி உண்டு. இல்லையென்றால் தாய்ப்பாலையே குடிக்க முடியாது. "லாக்டோஸ் என்றாலே விஷம்" என்பது போல ஊசிமுனை எழுதுவது மிகை. ஆட்டுப்பாலைப் பரிந்துரைப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஊசிமுனை:
விஷம்னு நான் எங்க எழுதினேன்? ஸ்க்ரீன்ஷாட் போடுங்க பார்ப்போம். நொதி இருக்கு, யாரும் இல்லைன்னு சொல்லல. எவ்வளவு லாக்டோஸைத் தாங்கும்ங்கிறதுதான் கேள்வி. ஆட்டுப்பால்லயும் லாக்டோஸ் கிட்டத்தட்ட அதே அளவுதான், கொஞ்சம்தான் குறைவு. நாய்க்குட்டிக்குன்னு விக்கிற பால் பவுடரை மீட்பு மையங்கள்ல ஏன் கரைச்சுக் குடுக்கறாங்கன்னு யோசிங்க. அதுல கொழுப்பும் புரதமும் கூட, லாக்டோஸ் குறைவு. ஆனா உங்களுக்கு வேலை யோசிக்கிறது இல்லையே, மறுக்கிறதுதானே. புறாவுக்கு அரிசி போட்டா வயிறு வெடிக்கும்னு ஒரு கட்டுக்கதையை வெச்சுப் போன தடவை நீங்க நடத்தின கூத்தை யாரும் மறக்கல.

மறுப்பாளன்:
அந்த விவாதத்தில் வெடிக்காது என்று சொன்னவன் நான். வெடிக்கும் என்று சொன்னவர் வேறு ஆள். ஆள் மாறித் திட்டும் பழக்கம் உங்களுக்குப் புதிதல்ல.

ஜன்னலோரம்:
வணக்கம், நான் இங்க புதுசு. இப்போ என்கிட்ட ஒரு அணில் இருக்கு. பூனை வாயிலேருந்து பிடுங்கி அட்டைப்பெட்டில துணி போட்டு வெச்சிருக்கேன். தோள்பட்டை கிட்ட குண்டூசி குத்தின மாதிரி ரெண்டு ஓட்டை, ரத்தம் நின்னுடுச்சு. கண்ணு திறந்திருக்கு. மூச்சு வேகமா வருது. என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

நாலுதலைமுறை:
பயப்படாதீங்கம்மா. கொஞ்சம் பால்ல தண்ணி கலந்து...

ஊசிமுனை:
பார்த்தீங்களா! ரத்தம் வந்த அணிலுக்குப் பாலாம்! இதுக்குத்தான் இந்த த்ரெட்டையே ஆரம்பிச்சேன். பூனை கடிச்ச அணிலுக்கு, பாதிக்குப் பாதி தண்ணி கலந்த பசும்பால். இதை பிரேம் போட்டு சுவத்துல மாட்டி வைக்கணும்.

கிளைதாவி:
@ஜன்னலோரம் இவங்களை விடுங்க. ஓட்டை சின்னதா இருக்கேன்னு ஏமாறாதீங்க. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமா இறங்கும், மேல தோல் மூடிக்கும், உள்ள சீழ் கட்டும். பூனை வாயில பாஸ்டுரெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு, அது ரத்தத்துல கலந்தா இந்த அளவு உயிர் ரொம்ப நேரம் தாங்காது. ஆன்டிபயாடிக் சீக்கிரம் போயாகணும். வெட் (கால்நடை டாக்டர்) கிட்ட இன்னைக்கே கொண்டு போங்க, நாளைக்குப் பார்க்கலாம்னு வைக்காதீங்க. வீட்டுல இருக்கிற மனுஷ மாத்திரையை உடைச்சுக் குடுக்காதீங்க. அதுவரைக்கும் பெட்டியை மூடி (காத்து போக ஓட்டை இருக்கட்டும்), இருட்டா, சத்தமில்லாத இடத்துல வைங்க. வாயில எதுவும் ஊத்தாதீங்க. தூக்கும்போது தடிமனான துணி இல்லைன்னா கையுறை. பயந்த அணில் கடிச்சா எலும்பு வரைக்கும் இறங்கும்.

பூந்தொட்டி:
பெட்டிக்கு அடியில ஹாட் வாட்டர் பேக் வைங்கக்கா, சூடு ரொம்ப முக்கியம்.

ஊசிமுனை:
தலையில அடி இருந்தா? பூனை உதறியிருந்தா? மூக்குல ரத்தம் வருதா, கழுத்து ஒரு பக்கமா சாயுதா, கண்மணி ரெண்டும் ஒரே அளவா இருக்கான்னு கேட்டீங்களா? தலைக்காயத்துக்குச் சூடு வெச்சா வீக்கம் கூடும். ஆளாளுக்கு டாக்டர்.

பூந்தொட்டி:
நான் நல்லதுக்குத்தான் சொன்னேன். ஜில்லுன்னு போன குட்டிக்கு முதல்ல சூடு, அப்புறம்தான் ஆகாரம்னு போன மாசம் நீங்களே இங்க எழுதினீங்க. உடம்பு குளிர்ந்திருந்தா செரிமானமே நடக்காதுன்னு. இப்ப நான் சொன்னா தப்பா?

ஊசிமுனை:
அது தலையில அடிபடாத குட்டிக்கு. முழுசா படிங்க. அதுலயும் பெட்டிக்குப் பாதி அடியில மட்டும்தான் சூடு வைக்கணும், சூடு தாங்கலைன்னா நகர்ந்து போக இடம் வேணும்னு எழுதியிருந்தேன். அதை வசதியா விட்டுட்டீங்க.

கிளைதாவி:
அதைத்தான் நானும் முதல்லேயே கேட்டேன், குட்டியா பெருசான்னு.

தைரியசாலி:
அணில் கடிச்சா ரேபிஸ் வராதா? எல்லாரும் கையில தூக்கச் சொல்றீங்க.

மறுப்பாளன்:
அணில், எலி போன்ற சிறு கொறிவிலங்குகளில் ரேபிஸ் காணப்படுவது மிக அரிது. அவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை. ஆனாலும் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், டெட்டனஸ் ஊசி நிலவரம் பார்க்க வேண்டும், மருத்துவரைக் கேட்க வேண்டும். இதையும் ஊசிமுனை மறுப்பாரா?

ஊசிமுனை:
சரியானதை நான் ஏன் மறுக்கப்போறேன்? மறுக்கிறதுக்குன்னு ஐடி வெச்சிருக்கிறது நீங்க. நான் மறுபடியும் என் கேள்விக்கு வரேன். பசும்பால். பாதிக்குப் பாதி தண்ணி. ஏன் பாதி? ஏன் கால் பங்கு இல்ல? எந்த அளவுகோல்ல இது வந்துச்சு? 40 கிராம் எடையுள்ள குட்டின்னா ஒரு வேளைக்கு எடையில 5 சதவீதம், அதாவது 2 மில்லி. 1 மில்லி சிரிஞ்ச்ல, ஊசியைக் கழட்டிட்டு, குட்டியைக் குப்புற வெச்சு, தலையைக் கொஞ்சம் மேல தூக்கி, சொட்டுச் சொட்டா. பஞ்சுல நனைச்சா எவ்வளவு உள்ள போச்சுன்னு எப்படித் தெரியும்? உங்க பதிவுல இருக்கிற படத்துல குட்டியை மல்லாக்கப் போட்டுப் பஞ்சை அமுக்குறீங்க சார். மூக்குல முட்டை முட்டையா நுரை நிக்குது. அது பால். நுரையீரலுக்குப் போற பாதையில நிக்குது. அந்தப் படத்துக்கும் இதயம்.

நாலுதலைமுறை:
அது பால் நுரை இல்லை, வெளிச்சம் பட்டுப் பளபளக்குது. படத்தைப் பெருசாக்கி நோண்டிப் பார்க்கிற அளவுக்கு உங்களுக்கு நேரம் இருக்கு. பாலை விடுங்க, நாங்க கண் திறக்காத குட்டியை அடிவயித்துல ஈரப் பஞ்சு வெச்சு ஒத்தி, ஒண்ணுக்கு ரெண்டுக்கு வர வெச்சு வளர்த்தவங்க. தாய் நக்கி விடுற வேலையை யாராவது செஞ்சாத்தான் அதுக்கு வெளிய போகும். அது தெரியுமா உங்க மையத்துல?

ஊசிமுனை:
தெரியும். ஒவ்வொரு தடவை பால் குடுத்தப்புறமும் செய்யறோம். பஞ்சு அந்தப் பக்கம்தான் போகணும் சார், வாய்ப் பக்கம் இல்ல.

வால்நட்சத்திரம்:
பாப்கார்ன் தீர்ந்துடுச்சு, கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க.

அமைதிப்படை:
ஏன் எல்லாத்தையும் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றீங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? காயம் இல்லாத குட்டி கீழ கிடந்தா முதல்ல அம்மா வருதான்னு பார்க்கணும். திறந்த பெட்டில, மரத்தடியில, நாய் பூனை எட்டாத உயரத்துல வெச்சுட்டுத் தூரப் போய் நின்னா பகல்ல பெரும்பாலும் வந்து வாயில கவ்விட்டுப் போயிடும். மனுஷ வாசனை பட்டா சேர்க்காதுங்கிறது கட்டுக்கதை. நீங்க எல்லாரும் காப்பாத்துறதா நினைச்சுப் பிள்ளை பிடிக்கிறீங்க.

பூந்தொட்டி:
பிள்ளை பிடிக்கிறோமா? வார்த்தையை அளந்து பேசுங்க. எங்கிட்ட இருக்கிறது பின்னங்கால் வராத அணில், அதை எந்த அம்மா வந்து தூக்கும்?

ஊசிமுனை:
பின்னங்கால் ஏன் வரல? விழுந்ததாலயா, வெறும் கடலையும் சூரியகாந்தி விதையுமா போட்டதாலயா? அதுல பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். எலும்புல இருக்கிறதை உடம்பு உருவிக்கும். முதல்ல பின்னங்கால் இழுக்கும், அப்புறம் வலிப்பு. இதுவும் "ஆசையா சாப்பிடுது"ன்னு குடுத்து வர்றதுதான்.

பூந்தொட்டி:
மாடியிலேருந்து விழுந்துச்சு. எக்ஸ்ரே இருக்கு. எதுவும் தெரியாம அடுத்தவங்க வீட்டு அணிலுக்கு நோய் கண்டுபிடிக்காதீங்க.

மறுப்பாளன்:
காட்டு உயிரினத்தை வீட்டில் நிரந்தரமாக வைத்திருப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். விட்டுவிடுவதிலும் சட்டம் குறுக்கிடும். இங்கிலாந்தில் மீட்ட சாம்பல் அணிலைத் திரும்ப வெளியே விடுவதற்கு 2019 டிசம்பர் முதல் தடை, ஏனென்றால் அங்கே அது அயல் இனம்.

வால்நட்சத்திரம்:
இங்கிலாந்து அணில் இந்த த்ரெட்டுக்கு எப்படி வந்துச்சு, விசா வாங்கிட்டா?

நாலுதலைமுறை:
சட்டம், சதவீதம், இங்கிலாந்து! எல்லாம் வந்தாச்சு. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரல. நாங்க வளர்த்தது பொழைச்சுதா இல்லையா?

ஊசிமுனை:
பாலால பொழைக்கல, பாலையும் மீறிப் பொழைச்சுது. பாதிக்குப் பாதி தண்ணியையும் மீறி.

நாலுதலைமுறை:
அதாவது பொழைச்சுது. எழுத்துல குடுத்துட்டீங்க, நன்றி.

ஜன்னலோரம்:
வெட் கிட்ட காட்டிட்டேன். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, காயத்தைக் கழுவி விட்டிருக்கார். நாளைக்கும் வரச் சொன்னார். இது ஓரளவு வளர்ந்த அணில்தானாம். இன்னும் கொஞ்ச நேரம் வாய்வழியா எதுவும் வேண்டாம், அப்புறம் சுவை சேர்க்காத ஓஆர்எஸ் மட்டும் ஒவ்வொரு சொட்டா நக்க விடுங்கன்னார். @கிளைதாவி ரொம்ப நன்றி.

ஊசிமுனை:
கேட்டுக்கோங்க! ஓஆர்எஸ். பால்னு டாக்டர் சொல்லவே இல்ல. நான் என்ன சொன்னேனோ அதேதான்.

கிளைதாவி:
அந்தப் பதில் நான் எழுதினது. நீங்க அப்போ நாலுதலைமுறையைத் திட்டிட்டு இருந்தீங்க.

நாலுதலைமுறை:
பால் குடுக்கக் கூடாதுன்னும் டாக்டர் சொல்லலையே. இது பெரிய அணில், கேஸே வேற. நான் எழுதினது குட்டிக்கு.

ஊசிமுனை:
உங்க பதிவுல "அடிபட்ட அணில்"னுதான் இருக்கு. "குட்டி"ங்கிற வார்த்தையே இல்ல. இப்ப போய் மாத்திடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு.

நாலுதலைமுறை:
எடுத்து வெச்சுக்கோங்க தம்பி. பிரேம் போட்டு மாட்டுங்க. பால் வேண்டாம்னு நீங்க போட்ட பதிவுக்கு எத்தனை இதயம் விழுந்திருக்குன்னு முதல்ல பாருங்க.

மறுப்பாளன்:
ஓஆர்எஸ்ஸிலும் சர்க்கரை இருக்கிறது என்பதை இங்கே யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊசிமுனை:
ஆரம்பிச்சுட்டார். குளுக்கோஸுக்கும் லாக்டோஸுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கிட்ட நான் எங்கேருந்து தொடங்குறது? சரி, தொடங்குறேன். பசும்பால். பாதிக்குப் பாதி...