பொருள்: 'கம்பித் தலைவர்' வேண்டாம், வேறு சொல் தாருங்கள் (அவசரம்)

முல்லைத்தீவு, பயிற்சி ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். தூண்டில் கட்டும் வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தங்கூசிக்கும் (நைலோன் நூல்) தூண்டில் முள்ளுக்கும் இடையில், மீன் பல்லால் அறுக்காதிருக்க நாமே முறுக்கிப் போடும் கம்பித் துண்டுக்கு என்ன பெயர்? ஆங்கிலத்தில் 'வயர் லீடர்'; கணினி அதைக் 'கம்பித் தலைவர்' என்கிறது. 'தலைவரை இறுக முறுக்கவும்' என்று இந்த ஊரில் அச்சடிக்க எனக்குத் துணிவில்லை.

கொக்கிளாய், கடற்றொழிலாளி:
நாங்கள் 'கம்பி போடு' எண்டுதான் சொல்லுறது. சீலா, அறுக்குளாவின்ரை பல்லுக்குத் தங்கூசி நிக்காது. பேர் கிடக்கட்டும், முறுக்கை ஒழுங்காய் எழுதுங்கோ டீச்சர். முதல் நாலஞ்சு சுத்துக்கு, மடிச்ச கம்பியின்ரை ரெண்டு பக்கமும் ஒண்டையொண்டு சரிசமனாய்ப் பின்னவேணும். ஒண்டு நேராய் நிண்டு மற்றது அதைச் சுத்தினால் இழுவைக்கு வழுக்கும். பிறகுதான் நெருக்கிச் சுத்துறது, அதுவும் நாலஞ்சு. மிச்ச நுனியைக் குறட்டால வெட்டாதேங்கோ. கைப்பிடி மாதிரி வளைச்சு ஆட்டினால் அடியோட ஒடியும். வெட்டின நுனி கையைக் கிழிக்கும். என்ரை உள்ளங்கை சாட்சி.

வவுனியா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
பிள்ளை, 'கடிகம்பி' என்று போடும். தொல்காப்பிய உரியியல் 'கடி'க்குப் பத்துப் பொருள் சொல்கிறது. காப்பு அதிலொன்று, கூர்மை இன்னொன்று. காவற்காட்டைக் கடிமிளை என்றார்கள். காக்கிற கம்பி கடிகம்பி. மீன் கடிப்பதும் அதே சொல்லுக்குள் வந்து நிற்பது தமிழின் கொடை.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, உரிச்சொல்லைத் தெரிந்தவர் அதைக் காவல் என்று படிப்பார். மற்றவர்களுக்கு அது வினைத்தொகை: கடித்த, கடிக்கிற, கடிக்கும் கம்பி. இந்தக் கம்பி யாரையும் கடிப்பதில்லை, கடி வாங்குகிறது. இங்கே வேறு 'கடி' என்றால் அறுவை ஜோக். இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் 'கடிதாங்கி' எப்படி?

வவுனியா:
கடிதாங்கி நாய்க்கு வாய்க்கூடு போட மறந்தவனின் பட்டப்பெயர் போலிருக்கிறது. கடிகம்பி பிடிக்காவிட்டால் இன்னொன்று தருகிறேன். குறள் 931இல் 'தூண்டிற்பொன்' வருகிறது. பரிமேலழகர் அதைத் தூண்டில் இரும்பு என்றே விளக்குகிறார். பொன் என்பது உலோகப் பொது. நாண் கயிறு. பொன் + நாண் = பொன்னாண்.

கொக்கிளாய்:
ஐயா கோவிக்கக்கூடாது. கடையில போய்ப் பொன்னாண் கேட்டால் இண்டைக்குப் பவுண் விலை சொல்லுவாங்கள்.

கிளிநொச்சி, பொறியியலாளர்:
'லீடர் கம்பி' என்று எழுதினால் என்ன குறை? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பாடப்புத்தகம் 'கறையில் உருக்கு' என்று நல்ல தமிழில்தான் சொன்னது. இரும்புக்கடையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள். கையேடு வாசிக்கிற பெடியன் நாளைக்கு இந்தக் கம்பியை வாங்கவேணும், அவ்வளவுதான்.

சென்னை:
அப்படியே விட்டால் தூண்டிலும் 'ஹூக்' ஆகிவிடும். மீன்பிடிக்கு இரண்டாயிரம் ஆண்டுச் சொல் வைத்திருக்கிறோம்.

கொக்கிளாய்:
சொல்லு கிடக்கு, கடலில மீன் எங்கை?

முல்லைத்தீவு:
நன்றி. நேற்று வகுப்பில் நான்கு சொற்களையும் பலகையில் எழுதினேன். கடிகம்பிக்குச் சிரித்தார்கள், பொன்னாணுக்கு இன்னும் பலமாய். யாரோ பின்வரிசையிலிருந்து 'முன்கம்பி' என்றான். முள்ளுக்கு முன்னால் இருக்கிற கம்பி. முறுக்கிக்கொண்டிருந்த எல்லோரும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதையே போடுகிறேன்.

வவுனியா:
முன் + பகல் முற்பகல். ஆகவே முற்கம்பி.

சென்னை:
முன்கை, முன்கோபம்?

வவுனியா:
முற்கோபம் என்றும் எழுதுவதுண்டு. என் வாக்கு இன்னும் கடிகம்பிக்கே.

முல்லைத்தீவு:
சேர், அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். பதினொராம் பக்கத்தில் மட்டும் ஒரு இடம் வெறுமையாய் விட்டிருக்கிறேன். கம்பியையும் தங்கூசியையும் இணைக்கிற, நூல் முறுக்கேறாமல் தன்பாட்டில் சுழலுகிற அந்தச் சின்னப் பித்தளைச் சாமானுக்கு என்ன பெயர்? வியாழன் பின்னேரத்துக்குள் வேண்டும்.