வருஷா வருஷம் புது ஸ்மார்ட்வாட்ச் எதுக்கு? உங்களுக்கு நடந்ததைப் போடுங்க

சேப்பாக்கம் ஸ்டாண்டு

பேட்டரி உப்பினா எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். காலைல எழுந்து பார்த்தா டிஸ்ப்ளே ஒரு ஓரமா தூக்கிட்டு நிக்குது. சர்வீஸ் சென்டர் போனேன். எந்த கம்பெனின்னு கேக்காதீங்க. டோக்கன், ஏசி, வெயிட்டிங் கதையெல்லாம் விட்டுடறேன்.

கவுன்ட்டர்ல இருந்த தம்பி சீரியல் நம்பரை அடிச்சுப் பார்த்தார். "சார், இதுக்கப்புறம் மூணு மாடல் வந்துடுச்சு. இதுக்கு பேட்டரி தனியா வர்றதில்ல." சொல்லிட்டு டிராயரைத் திறந்து ஒரு ரப்பர் பேண்டு எடுத்தார். என் வாட்சை ரெண்டு சுத்து சுத்தி, "டிஸ்ப்ளே கழண்டு விழாம இருக்கும் சார்"னு கையில குடுத்தார். கூடவே புது மாடல் நோட்டீஸ் ஒண்ணு.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா அந்த டிராயர்ல ரப்பர் பேண்டு ஒரு பாக்கெட்டே இருந்துச்சு. அதான் உறுத்துது.

எங்க அப்பா கட்டுறது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989ல வந்த மாடல், இன்னிக்கும் அதையேதான் விக்கிறாங்க. ஒரு பேட்டரி ஏழு வருஷம் வரும்னு கம்பெனியே சொல்லுது. தீர்ந்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கடிகாரம் ரிப்பேர் பண்றவர் மாத்திடுவார். அதோட இதை ஒப்பிடக் கூடாதுன்னு சொல்வீங்க, சரி. ஆனா மூணு வருஷத்துல மூணு மாடல் யாருக்காக? உங்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

ஈசிஆர் ஞாயிறு

எனக்கு நேர் எதிரா நடந்தது. ஓடறவங்க கட்டற வாட்ச் கார்மின் ஃபோர்ரன்னர் 255 வந்தது 2022 ஜூன். அடுத்த மார்ச்லயே 265. ஒன்பது மாசம்தான்! எங்க ஓட்டக் குழுவுல 255 வாங்கினவங்க எல்லாம் வயிறு எரிஞ்சு உக்காந்திருந்தாங்க. நான் அப்பதான் கடைக்குப் போய் 255 கேட்டேன். விலை குறைஞ்சிருந்தது.

கடைக்காரர் குடுக்கவே மாட்டேங்கிறார். "சார், 265 அமோலெட் சார், கலர் பாருங்க சார்"னு கண்ணாடிக்குள்ள இருந்து எடுத்து என் மணிக்கட்டுல அவரே கட்டிவிட்டார். நான் ரெண்டையும் கையில வெச்சுக்கிட்டு கடைக்கு வெளிய வெயில்ல வந்து நின்னேன். மத்தியானம். 255 திரை வெளிச்சம் படப்பட இன்னும் தெளிவாத் தெரியுது. அந்த மாதிரி திரைக்கு வெயிலே விளக்கு. பின்னாடியே ஓடி வந்தவர் அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல, உள்ள போய் பில் போட்டார். ஞாயித்துக்கிழமை முட்டுக்காடு வரைக்கும் ஓடிட்டு எட்டரை மணி வெயில்ல திரும்பறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

அதனால வேகமா விடட்டும்ங்க. அவங்க புதுசு விடலைன்னா என்னைப் போல ஆளுக்குப் பழசு எப்படி மலிவாக் கிடைக்கும்?

மலைக்கோட்டை மொபைல்ஸ்

நான் விக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன். ஆயிரத்து ஐநூறு, ரெண்டாயிரம் ரூபா வாட்ச் சங்கதி வேற. நீங்க வருஷம்னு பேசறீங்க, எங்களுக்கு மாசக் கணக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் வர்றப்போ எல்லாம் ஒரு புதுப் பேரு. போன பெட்டியில இருந்தது இந்தப் பெட்டியில இருக்காது.

ஒரு காலேஜ் பொண்ணு வந்துச்சு. சார்ஜர் தொலைஞ்சு போச்சாம். மொத சம்பளத்துல அண்ணன் வாங்கிக் குடுத்த வாட்ச்னு சொல்லுச்சு. எங்கிட்ட ஒரு டப்பா நிறைய காந்த சார்ஜர் கிடக்கு. ஒண்ணொண்ணா வெச்சுப் பார்த்துச்சு. சிலது ஒட்டவே மாட்டேங்குது. சிலது ஒட்டுது, ஆனா பின்னு தள்ளி நிக்குது. ஒண்ணு மட்டும் கரெக்டா உக்காந்துச்சு. மூஞ்சியில அப்படி ஒரு சந்தோஷம். ஆனா ஏறல. பாசிட்டிவ் நெகட்டிவ் மாறிக் கிடக்கு போல.

அந்த வாட்சுல ஒரு பழுதும் இல்ல. வாங்கினது என் கடையிலதான், எட்டு மாசம்கூட ஆகல. மாடலை என்ன வேணா மாத்திக்கட்டும், சார்ஜரையாவது ஒரே மாதிரி வெக்கக் கூடாதா? போனுக்கு எல்லாம் சி டைப்புன்னு வந்துடுச்சில்ல.

மாடவீதி மாமி

@ஈசிஆர் ஞாயிறு, பழசு மலிவுன்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்கோ. ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3 வந்தது 2017ல. 2022 செப்டம்பர் வரைக்கும் வித்தா. அந்த வருஷம் ஜூன்லயே வாட்ச்ஓஎஸ் 9ங்கற புது மென்பொருள் அதுக்குக் கிடையாதுன்னும் அறிவிச்சாச்சு. அந்த ஜூலையில மலிவா இருக்கேன்னு வாங்கினவாளை நினைச்சுப் பாருங்கோ. மலிவு வேற, காலாவதி வேற.

என் கதை சின்னது. பிள்ளை தன்னோட பழைய வாட்சை அப்பாவுக்குக் கட்டிவிட்டான், கீழ விழுந்தா கண்டுபிடிக்கற மாடல். சங்கடஹர சதுர்த்திக்குப் பிள்ளையார் கோவில்ல இவர் ஓங்கிச் சிதறுதேங்காய் போட்டார். தேங்காய் உடைஞ்ச சத்தம் அடங்கறதுக்குள்ள கையில வாட்ச் அடிக்க ஆரம்பிச்சுடுத்து, பலமா விழுந்துட்டீங்களான்னு. பதில் சொல்லலேன்னா அதுவே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுடும்னு பிள்ளை பயமுறுத்தி வெச்சிருந்தான். இவர் கண்ணாடி வேற இல்லாம தடவறார். தேங்காய் பொறுக்க வந்த பையன்தான் வாங்கி, "நல்லா இருக்கேன்"கற பட்டனை அமுக்கினான். இவர் பிள்ளையாரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டு, "நீ கேக்காட்டாலும் இதாவது கேக்கறது"ன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் என்னமோ பண்ணித்து.

நான் கேக்கறது இதான். அந்த மாதிரி நிஜமான வசதி எப்பெப்போ வந்தது? ஆப்பிளையே எடுத்துக்கோங்கோ. விழறதைக் கண்டுபிடிக்கறதும் ஈசிஜியும் 2018. ரத்த ஆக்ஸிஜன் 2020. உடம்புச் சூடு பார்க்கற சென்சார் 2022. நடுவுல 2019ல அணையாத திரை, 2021ல கொஞ்சம் பெரிய திரை, வேகமான சார்ஜ். பெருசா வந்ததெல்லாம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். சீரிஸ் 6, 7, 8 மூணுக்கும் சிப் பேர்தான் மாறித்து, உள்ள இருக்கற மூளை ஒண்ணுதான். அவாளோட ஒசந்த மாடல் அல்ட்ராவும் 2023க்கு அப்புறம் 2025லதான் அடுத்தது. நடுவுல 2024ல கறுப்புக் கலர் விட்டதோட சரி. குடியா முழுகிப் போச்சு?

வோல்டேஜ் வாத்தியார்

என் வாட்சும் ஒருமுறை உப்பியது, மாற்றிவிட்டேன். அதை விடுங்கள். இங்கே எல்லாரும் கம்பெனியைத் திட்டுகிறீர்களே தவிர, பேட்டரியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

லித்தியம் பேட்டரிக்கு ஆயுள் வருஷக் கணக்கில் மட்டும் இல்லை, சார்ஜ் சுற்றுக் கணக்கிலும் உண்டு. ஆப்பிள் தன் வாட்சுக்குச் சொல்லும் கணக்கு, 1000 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் கொள்ளளவு. தினமும் ஒரு முழு சார்ஜ் என்றால் மூன்று வருஷத்துக்குள் அது முடிந்துவிடும். அதே சமயம் ஞாயிறு நண்பர் வைத்திருக்கும் மாதிரி இரண்டு வாரம் தாங்கும் வாட்சுக்கு வருஷத்துக்கு 26 சுற்றுதான். ஆகவே வாங்கும்போது மெகாபிக்சல் பார்ப்பதுபோல் சென்சார் எண்ணாமல், எத்தனை நாளுக்கு ஒருமுறை சார்ஜ் என்று கேளுங்கள்.

சூடு பேட்டரிக்கு ஆகாது. பைக் டேங்க் கவரில், கார் டாஷ்போர்டில் வாட்சைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் மே மாதத்தில் அது அடுப்பு. ராத்திரி முழுக்க சார்ஜில் போடாமல் குளிக்கப் போகும்போது போடுங்கள்.

சேப்பாக்கம் நண்பர் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பேட்டரி மாற்றலாம் என்று யோசிப்பார். மாற்றலாம். ஆனால் திரையை ஒட்டியிருக்கும் பசையைச் சூடு காட்டித்தான் பிரிப்பார்கள். திரும்ப ஒட்டினாலும் பழைய நீர்ப்பாதுகாப்பை நம்ப முடியாது. அதன்பிறகு நீச்சல் வேண்டாம், கை கழுவும்போது கவனம். உப்பின பேட்டரியை நீங்களே நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். மாற்றும்வரை சார்ஜும் போடவேண்டாம்.

இன்னொன்று. ஆகஸ்டில் ஆப்பிளும் ஜூனில் சாம்சங்கும் வாங்காதீர்கள். முன்னது செப்டம்பரில், பின்னது ஜூலை, ஆகஸ்டில் புதுசு விடும். வேறு கம்பெனி என்றால், கூகுள் பிக்சல் வாட்ச் முதல் மூன்று தலைமுறையும் பிரித்து ரிப்பேர் செய்ய வழியில்லாதவை. 2025இல் வந்த நான்காவதில்தான் ஸ்க்ரூ வைத்து, திரையையும் பேட்டரியையும் மாற்றும்படி செய்தார்கள். என்னைக் கேட்டால் அடிக்கடி விடுவது குற்றமில்லை, கழற்ற முடியாமல் விடுவதுதான்.

சேப்பாக்கம் ஸ்டாண்டு

வாத்தியாரே, நான் டிப்ஸ் கேக்கல. நடந்ததைச் சொல்லுங்கன்னுதான் கேட்டேன். நீங்க "மாற்றிவிட்டேன்"னு ஒத்தை வார்த்தையில தாண்டிட்டீங்க பாருங்க, அதை எங்க, எப்படி, எவ்வளவுக்கு மாத்தினீங்க? அதான் எனக்கு வேணும்.

சார்ஜ் போடக் கூடாதுங்கறது மட்டும் நல்லதாப் போச்சு. நேத்துகூட போட்டுப் பார்க்கலாமான்னு கை துறுதுறுத்துச்சு.

ஜூரோங் ஈஸ்ட்

பெபிள் வெச்சிருந்தவங்க யாரும் இங்க இல்லையா? 2012ல கிக்ஸ்டார்ட்டர்ங்கற தளத்துல ஜனங்ககிட்டயே ஒரு கோடி டாலருக்கு மேல திரட்டின வாட்ச். 2016 டிசம்பர்ல கம்பெனி மூடியாச்சு. 2018 ஜூன் கடைசியோட சர்வரும் போச்சு.

அன்னிக்கு இங்க சிங்கப்பூர்ல எம்ஆர்டி ரயில்ல வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். வானிலைக்குன்னு ஒரு சின்ன இடம் இருக்கும் வாட்ச்ல. அது காலியா இருந்துச்சு. மணி மட்டும் ஓடுது. அப்புறம் ரீபிள்னு தன்னார்வலர்கள் சேர்ந்து சர்வர் நடத்தி உயிர் கொடுத்தாங்க, சந்தா கட்டி வானிலையைத் திரும்ப வாங்கினேன். 2025 ஜனவரியில கூகுள், கைமாறித் தன்கிட்ட வந்திருந்த பெபிள் மென்பொருளை எல்லாருக்கும் திறந்துவிட்டுது. பெபிளைத் தொடங்கினவரே மறுபடி புது வாட்ச் விடறார்.

மாமி சொல்ற ரெண்டு வருஷம் சரிதான். ஆனா என் கவலை அடுத்த மாடல் எப்ப வரும்ங்கறது இல்ல. வாங்கின மாடலை எத்தனை வருஷம் பார்த்துப்பாங்க? சாம்சங் வாட்ச் 4க்கு நாலு வருஷம்னு சொல்லித்தான் வித்தாங்க. அந்த மாதிரி தேதியைப் பெட்டி மேலயே அச்சடிச்சா போதும்.

மாடவீதி மாமி

தீப்பெட்டி மேல விலை போடற மாதிரி, இதுலயும் கொட்டை எழுத்துல போடட்டும். அதோட அந்த வருஷமும் அவா வாட்ச் விட்ட நாள்லேர்ந்து கணக்கா, நாம வாங்கின நாள்லேர்ந்தான்னும் போடணும். சீரிஸ் 3 கதையே அதானே.

மலைக்கோட்டை மொபைல்ஸ்

மாமி, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. தீபாவளிக்கு வர்ற கூட்டம் படியேறுறப்பவே "புதுசா என்ன இருக்கு"ன்னுதான் கேக்குது. போன வருஷத்து வாட்ச்னு சொன்னா தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க, பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. அந்த நடு வருஷம் நான் ஷோகேஸ்ல என்னத்த வெக்கிறது?

ஈசிஆர் ஞாயிறு

போன வருஷத்தையே விலை குறைச்சு வைங்கண்ணே. திருச்சிக்கு நானே வர்றேன்.